நீச்சல் குளம் இல்லாத வீட்டின் சான்றிதழ்

வில்ஃபிரட் ஜாஃப்தாவின் வீட்டில் பதினொரு பிளக்குகள் இருந்தன. சான்றிதழில் பதினான்கு இருந்தன. நீச்சல் குளத்து மோட்டார் நல்ல நிலையில் ஓடுவதாகவும் அதில் எழுதியிருந்தது. வீட்டின் பின்பக்கம் ஒரு துணிக்கொடி, ஒரு எலுமிச்சை மரம், நாய் செத்த பிறகு யாரும் எடுத்துப் போடாத நாய்க்கூண்டு. அவ்வளவுதான்.

லெனோர் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். வில்ஃபிரட்டின் ஒரே மகள். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, அதே கடற்கரையில் இருக்கும் ஈஸ்ட் லண்டன் நகரத்தில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். ஒரு எண்ணைப் பார்த்தால் அது அளந்து வந்ததா, வாய்க்கு வந்ததா என்று சொல்லிவிடுவாள். இந்தத் தாளில் இருந்தவை எல்லாம் வாய்க்கு வந்தவை.

அப்பா இறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. ஜூன் மாதத்தில், மாநகராட்சிக் கட்டண வரிசையில், கையில் தண்ணீர் பில்லோடு நின்றபடியே சரிந்தார். பில்லில் ஒரு தவறைக் கண்டுபிடித்திருந்தார். அதை ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார்.

மின்சாரச் சான்றிதழ் இல்லாமல் வீடு கைமாறாது. அதை வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு. லெனோர் அதைத் தேடிப் போகவில்லை. வீட்டுத் தரகன் கிரான்வில் தானாகவே முன்வந்து, "அதெல்லாம் நம்ம ஆள் பாத்துப்பான் சிஸ்டர்" என்றிருந்தான். வீடு இருந்த ஜெல்வன்டேல் பகுதி முழுக்க கிரான்வில்லின் முகம் பலகைகளில் சிரித்துக்கொண்டிருக்கும். அவன் கார் கதவிலும் அதே முகம், அதே சிரிப்பு. தரகன் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. சொத்து ஆலோசகர் என்று சொல்ல வேண்டும்.

லெனோர் போன் செய்தாள்.

"சிஸ்டர்! சர்டிபிகேட் பாத்தீங்களா? சொன்னேன்ல, ஒரே வாரத்துல கையில இருக்கும்னு."

"பாத்தேன். நீச்சல் குளத்தைத்தான் தேடிட்டிருக்கேன்."

"எது?"

"ரெண்டாம் பக்கம். குளத்து மோட்டார் நல்லா ஓடுதாம். உங்க ஆள் ஓட்டிப் பாத்திருக்கார். எந்த மூலையில இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் ஒரு முங்கு முங்கிட்டு வரேன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"டைப்பிங் மிஸ்டேக் சிஸ்டர்."

"மூணு பிளக் அதிகமா இருக்கே, அதுவும் டைப்பிங் மிஸ்டேக்கா?"

"அதிகமா இருந்தா என்ன? கம்மியா இருந்தாத்தான பிரச்சனை."

லெனோர் போனை வைத்துவிட்டாள். பதில் சொல்ல வேண்டிய பேச்சுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

கிரான்வில்லின் ஆள் வந்த அன்று அவள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் சமையலறைக் கதவுக்குப் பின்னால், வீட்டுக்கே மின்சாரம் பிரியும் டி.பி. பெட்டியின் முன் நின்று போனில் ஒரு படம் எடுத்தான். மெயினை ஒரு முறை அணைத்துப் போட்டான். "நல்ல கெட்டியான பழைய வீடு" என்றான். கழிவறை எங்கே என்று கேட்டான். மொத்தம் ஒன்பது நிமிடம். அதில் கழிவறைக்கு நான்கு.

பெட்டியின் மூடியில் நான்கு திருகாணிகள். ஒவ்வொன்றின் தலையிலும், மூடியையும் சேர்த்து, சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டாக வைக்கப்பட்டிருக்கும். திருகாணியை அசைத்தால் பொட்டு உடையும். அவன் போன பிறகு லெனோர் பார்த்தாள். நான்கு பொட்டுகளும் முழுதாக இருந்தன.

பொட்டு வைத்தது வில்ஃபிரட். நகப்பூச்சு அவர் மனைவி ரூத்துடையது.

வில்ஃபிரட் 1946இல், அதே ஊரின் சவுத் எண்ட் பகுதியில் பிறந்தவர். அந்தத் தெருக்களை இடித்து, ஆட்களை நிறம் பார்த்துப் பிரித்து அனுப்பியபோது ஜெல்வன்டேலில் வந்து விழுந்த குடும்பம். பத்தொன்பது வயதில் ஒரு வெள்ளைக்கார எலக்ட்ரீஷியனிடம் வேலைக்குச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் கூரைக்குள் ஏறியது, சுவரைக் கொத்தியது, கம்பி இழுத்தது, சோதித்தது எல்லாம் அவர். தாளில் அவர் பெயர் 'உதவியாள்'. எலக்ட்ரீஷியன் லாரியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டே, முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள்கூட இறங்கி வந்து பார்த்ததில்லை. ஒரு முறை காப்பி சிந்தி, கையெழுத்து கலைந்து, அந்தத் தாள் அப்படியே ஏற்கப்பட்டது.

அந்த நிறப் பிரிவினைச் சட்டம் மாறி, பரீட்சை எழுதி, வில்ஃபிரட் தன் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமத்தை வாங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. அன்றிலிருந்து மூடியைத் திறக்காமல் அவர் ஒரு தாளில்கூட கையெழுத்துப் போடவில்லை. திறந்து, அளந்து, எண்களை மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவார். தேதி, அளவுகள், வி.ஜா. என்று இரண்டு எழுத்து. பிறகு மூடி, திருகி, பொட்டு வைப்பார். தாள் தொலையும், வீட்டுக்காரர்கள் மாறுவார்கள், மூடி அங்கேயே இருக்கும் என்பது அவர் கணக்கு.

மோசமான வேலையைக் கண்டால் அவர் கத்தமாட்டார். "இதப் பண்ணவனுக்கு அம்மா உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். கசிவு சுவிட்ச் வேலை செய்யாத வீடுகளில் அதைக்கூடக் கேட்கமாட்டார். ஒருவர் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கத் தொடங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுக்கும் சுவிட்ச் அது. அது இல்லாத வீட்டின் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் மெழுகுவர்த்தி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

வீட்டுத் தரகர்கள் அவரைக் கண்டால் தெருவின் எதிர்ப் பக்கத்துக்கு மாறி நடந்தார்கள். "ஜாஃப்தாவக் கூப்பிட்டா வீடு விக்காது" என்பது அவர்களுக்குள் பேச்சு. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரு தரகர் விஸ்கி பாட்டில் அனுப்பினார். வில்ஃபிரட் அதை வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தார், கூடவே, தேறாத வீடுகளுக்கு எழுதும் தோல்விச் சீட்டு ஒன்றும்: 'மூடி திறக்கப்படவில்லை. சோதிக்க இயலவில்லை. வி.ஜா.'

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் குளத்து மோட்டாரோடு சான்றிதழ் வந்திருந்தது.

சனிக்கிழமை கிரான்வில் வந்தான். தனியாக வரவில்லை. வீட்டை வாங்கவிருந்த லின்டெல்வாவையும் அழைத்து வந்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவன் மீன்பிடிக் கப்பலில் போயிருந்தான். முதுகில் துணி கட்டி எட்டு மாதப் பெண் குழந்தையைச் சுமந்திருந்தாள். வாங்குபவள் எதிரில் நின்றால் விற்பவள் வாயை அடக்குவாள் என்று கிரான்வில் நினைத்திருக்க வேண்டும்.

லின்டெல்வா நேராகப் படுக்கையறைக்குப் போய் கைகளை விரித்து அளந்தாள்.

"கட்டில் இங்க. தொட்டில் அந்த பிளக் பக்கத்துல. ஹீட்டர் போடணும்ல, குளிருக்கு" என்றாள்.

"அருமையான இடம்" என்றான் கிரான்வில். "சர்டிபிகேட்டும் ரெடி. சிஸ்டர் ஒரு கையெழுத்துப் போட்டா வக்கீல்கிட்ட குடுத்துடலாம்."

"இந்த சர்டிபிகேட் பொய்" என்றாள் லெனோர்.

"சிஸ்டர்..."

"உங்க ஆள் பெட்டியத் திறக்கவே இல்ல. திறக்காம உள்ள இருக்கிறத அளந்திருக்கார். மந்திரவாதியா அவரு?"

"திறக்கலன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க கூடவே நின்னீங்களா?"

"நிக்கல. என் அம்மாவோட நகப்பூச்சு நின்னுச்சு." அவள் நான்கு பொட்டுகளையும் காட்டினாள்.

லின்டெல்வா கிட்டே வந்து பார்த்தாள். முதுகில் இருந்த குழந்தையும் எட்டிப் பார்த்தது.

கிரான்வில் சிரித்தான். "நகப்பூச்சு! கோர்ட்டுல சொல்லிப் பாருங்க."

"கோர்ட் எதுக்கு? ஒழுங்கா வேலை பண்ணவங்க பெட்டி உள்ள எப்படி இருக்கும்னு நான் காட்டறேன். பாத்துட்டுப் போய் உங்க ஆளுக்குச் சொல்லுங்க."

லெனோர் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அப்பாவின் திருப்புளியை எடுத்து நான்கு பொட்டுகளையும் உடைத்தாள். பெருமையோடுதான் உடைத்தாள். மூடி கையோடு வந்தது.

உள்பக்கம் பென்சில் வரிசைகள். 1994இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒன்று. எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று, நூல் பிடித்தது போல. கடைசி வரியில் எண் இல்லை.

'3-8-2020. ரூத்தின் மெஷின். படுக்கையறை பிளக்குகள் கசிவு சுவிட்சுக்கு வெளியே. தவறு. வி.ஜா.'

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். ஒரு சிவப்புக் கம்பி கசிவு சுவிட்சைச் சுற்றிக்கொண்டு, மெயினிலிருந்து நேராகப் படுக்கையறைக்குப் போயிருந்தது. சுத்தமான வேலை. வளைவுகூட அழகாக இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று லின்டெல்வா கேட்டாள்.

"அளவுகள்" என்றாள் லெனோர்.

மூடியைப் போட்டுத் திருகினாள்.

கிரான்வில்லுக்கு வயரிங் தெரியாது. முகம் தெரியும். அதை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். லின்டெல்வாவைக் காரில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உள்ள ஏதோ இருக்கு, இல்ல? சொல்லாதீங்க, எனக்குத் தெரிய வேணாம். பாருங்க சிஸ்டர், எங்க ஆளுங்கள உங்க அப்பா என்ன பாடு படுத்தினார்னு இந்த ஊருக்கே தெரியும். இப்ப ஜாஃப்தா வீட்டுலயே கோளாறுன்னா ஊர் சிரிக்காதா? என் ஆள் குடுத்த பேப்பர் உங்க அப்பாவையும் சேர்த்து மூடிடுது. நாம ஒரே பக்கம் சிஸ்டர். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடுங்க, நானும் நீச்சல் குளத்த அடிச்சுட்டு வேற பேப்பர் வாங்கித் தரேன்."

அவன் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவள் தட்டவிட்டாள். ஒரே பக்கம் என்றானே, சற்று முன் லின்டெல்வாவிடம் 'அளவுகள்' என்று சொன்னவள் அவள்தான்.

கம்பியைக் கசிவு சுவிட்ச் வழியாகத் திருப்பிப் போடப் பத்து நிமிடம் போதும். போட்டால் தவறு போய்விடும், யாருக்கும் தெரியாது. அவள் போட்டாள். மெயினை ஏற்றியதும் கசிவு சுவிட்ச் பட்டென்று விழுந்தது. இன்னொரு முறை ஏற்றினாள். மறுபடி விழுந்தது.

ஆக, கோளாறு நிஜம். அப்பா சுவிட்சை ஏமாற்றியது கோளாறு இருந்ததால்தான்.

படுக்கையறை இணைப்பைத் துண்டித்துவிட்டு அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். அந்த வருடம் என்ன நடந்தது என்பது பாதி அவளுக்குத் தெரியும். அம்மாவின் நுரையீரல் பழுதாகி, ஆக்சிஜன் மெஷின் வந்த காலம். அப்பா கிளினிக்கில் மருந்துக்கு நின்ற ஒரு முற்பகலில் வீட்டில் மின்சாரம் நின்றது. மின்வெட்டு என்று அம்மா பொறுமையாகக் காத்திருந்தாள். அப்பா வந்து பார்த்தபோது உதடு நீலம். மின்வெட்டு அல்ல, கசிவு சுவிட்ச் விழுந்திருந்தது. இதை அப்பா போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "அடுத்த தடவ வரும்போது கூரைக்குள்ள ஒரு எட்டு ஏறிப் பாத்துடு. என் முட்டி மடங்க மாட்டேங்குது" என்றார்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்களேன்ப்பா" என்று அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். அடுத்த தடவை அவள் வந்தபோது அவர் கேட்கவில்லை. அவளும் ஏறவில்லை. அம்மா மறு வருடம் போனாள்.

எந்த எலக்ட்ரீஷியனை அவர் கூப்பிட்டிருக்க முடியும்? அந்த வட்டாரத்தில் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் வில்ஃபிரட். இன்னொருவர் ரீதுவான் சாலி.

சாலியும் வில்ஃபிரட்டும் இருபத்தைந்து வருடம் பேசிக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் மண்டபத்துக்கு வயரிங் செய்தது சாலி. சோதிக்க வந்தது வில்ஃபிரட். வெளி விளக்கு ஒன்றில் எர்த் கம்பி இல்லை என்று தோல்விச் சீட்டு எழுதினார். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால். ஜமாஅத் முழுவதும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பெருநாள் சாப்பாடு சாப்பிட்டது.

வில்ஃபிரட்டின் தவறைக் கண்டால் இந்த உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்படக்கூடிய ஆள் அவர்தான். கையெழுத்துப் போடும் உரிமம் லெனோருக்கு இல்லை. அவள் நான்கு தெரு நடந்து சாலியின் கேட்டைத் தட்டினாள்.

"ஜாஃப்தா பொண்ணுதான நீ? மூக்கே சொல்லுது" என்றார் சாலி. எழுபத்தைந்து வயது, தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் பாதி பிரித்த இஸ்திரிப் பெட்டி.

"ஆமா அங்கிள்."

"சாவுக்கு வந்தேன். சர்ச் வாசலோட நின்னுட்டேன்."

"பாத்தேன் அங்கிள்."

"உள்ள வந்திருந்தா பெட்டியில எந்திரிச்சு உக்காந்து என் எர்த் கம்பியப் பத்திப் பேசியிருப்பான். சரி, என்ன வேணும்?"

அவள் சொன்னாள். ஒன்பது நிமிடம், குளத்து மோட்டார், பொட்டு, சிவப்புக் கம்பி, பென்சில் வரி. எதையும் விடவில்லை. சாலி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இரு, இரு. திரும்பச் சொல்லு. ஜாஃப்தா வீட்டுலயா?"

"ஆமா."

"ஜாஃப்தா கையாலயேவா?"

"ஆமா அங்கிள்."

"கசிவு சுவிட்ச சுத்திக்கிட்டா?"

"ஆமான்றேன்ல."

சாலி உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஃபௌசியா! செருப்ப எடு. இல்ல இல்ல, ஷூவ எடு. பெருநாள் ஷூ."

நான்கு தெருவும் அவர் இளைஞனைப் போல நடந்தார். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் வலியப் போய் ஸலாம் சொன்னார். சமையலறையில் ஸ்டூல் மேல் ஏறி, மூடியைத் தானே கழற்றினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"பாவி" என்றார். "எனக்குன்னு ஒரு வார்த்த மிச்சம் வைக்கல. அதையும் அவனே எழுதிட்டான்."

"ஊர்ல சொல்லுவீங்களா அங்கிள்?"

"என்னன்னு சொல்றது? ஜாஃப்தா தப்புப் பண்ணான்னா, யார் கண்டுபிடிச்சான்னு கேப்பாங்க. ஜாஃப்தான்னு சொல்லணும்." அவர் கசப்போடு மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "உங்கம்மா போனப்புறம் இத ஏன் எடுக்கல அவன்?"

"தெரியல."

எடுத்திருந்தால் அம்மா வைத்த கடைசிப் பொட்டை உடைக்க வேண்டியிருந்திருக்கும். 2020இல் பொட்டு வைக்கும்போது அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது, அம்மாதான் வைத்திருப்பாள். அப்படித்தான் இருக்கும் என்று லெனோர் நினைத்தாள். அதை அளக்கக் கருவி இல்லை.

"நின்னு யோசிச்சா கோளாறு இறங்கி வராது. ஏணி எங்க? நீ ஏறு. எனக்கும் முட்டி போச்சு. போன முட்டி எல்லாம் இந்தத் தொழில்ல போனதுதான்."

அவள் ஏறினாள். சாலி ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து கத்தினார். "மரச்சட்டத்து மேல கால் வை! கூரைப் பலகையில வெச்ச, என் தலையில வந்து விழுவ! உங்கப்பனுக்கு அந்த ஆசையும் நிறைவேறிடும்!"

கூரைக்குள் கீசர் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஐந்து சொட்டு. கீழே, படுக்கையறைக் கம்பிகள் சேரும் ஜங்ஷன் பெட்டியின் மேலேயே விழுந்தது. அதைத் திறந்தாள். செம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது அங்கிள். கீசர் சொட்டுது. ஜங்ஷன் பெட்டி மேலயே."

"எத்தன வருஷமா?"

சுற்றிலும் தூசி ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தது. அதில் ஒரு தடமும் இல்லை. அப்பா ஏறவே இல்லை. ஏறச் சொன்னது அவளைத்தான்.

சொட்டை நிறுத்த ஒரு வால்வு, புதிதாக ஒரு பெட்டி, அரை மீட்டர் கம்பி. அரை நாள் வேலை.

சாலி கீழே ஏணியைப் பிடித்தபடியே நின்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்தது. சாலி பதினொரு பிளக்குகளையும் மண்டியிட முடியாமல் தரையில் உட்கார்ந்து நகர்ந்தே சோதித்தார். கசிவு சுவிட்சை ஆறு முறை விழவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும், "விழு, விழு, உன் மொதலாளி மாதிரி விறைப்பா நிக்காத" என்று அதைத் திட்டினார்.

அன்று மாலை கையெழுத்து வாங்க கிரான்வில் வந்தான். லெனோர் லின்டெல்வாவையும் தானே போன் செய்து வரவழைத்திருந்தாள். கிரான்வில்லுக்கு அது பிடிக்கவில்லை. சாலியைக் கண்டது அதைவிடப் பிடிக்கவில்லை.

லெனோர் மூடியைக் கழற்றி லின்டெல்வாவின் கையில் கொடுத்தாள்.

"சனிக்கிழமை நீங்க கேட்டீங்க. அளவுகள்னு சொன்னேன். பொய் சொன்னேன். கடைசி வரியப் படிங்க."

லின்டெல்வா படித்தாள். லெனோர் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், சுற்றிப் போன கம்பி, தொட்டில் வரவிருந்த அந்த பிளக், கூரைக்குள் சொட்டிய கீசர், இன்று சரிசெய்தது.

"சிஸ்டர், இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?" என்றான் கிரான்வில். "பயமுறுத்தறீங்க. வேணாம்னு போயிட்டா நான் பொறுப்பில்ல."

லின்டெல்வா அவனைப் பார்க்கவில்லை. "இத எழுதினது உங்க அப்பாவா?"

"ஆமா."

"யாரும் எழுதச் சொல்லாமலா?"

"யாரும் சொல்லல."

"என் கிளாஸ்ல நாப்பத்திரண்டு பசங்க. தப்புப் பண்ணிட்டு தானா வந்து எழுதிக் குடுத்தவன் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் இல்ல." அவள் மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். "வீடு எனக்கு வேணும். ஆனா இந்த மூடிய மாத்தக் கூடாது. இதே மூடி இருக்கணும்."

சாலி கிரான்வில்லின் கையிலிருந்த பழைய சான்றிதழைப் பிடுங்கினார்.

"இந்த அதிசயத்த நானும் பாக்கறேனே. பதினாலு பிளக். குளத்து மோட்டார். கராஜ் கதவு மோட்டார்! ஏம்ப்பா, இந்த வீட்டுக்காரன் கார எலுமிச்ச மரத்துலயா கட்டி வெச்சான்? தோட்டத்து விளக்கு ஆறு."

"ஆறா?" என்றான் கிரான்வில்.

"ஆறுன்னு போட்டிருக்கு. ஏன், ஏழு வேணுமா?"

கிரான்வில் தாளை வாங்கி முதல்முறையாகப் படித்தான். உதடு அசைய எண்ணினான்.

"இது என் வீட்டுக் கணக்கு" என்றான்.

லின்டெல்வாவின் முதுகில் குழந்தை ஏதோ சொன்னது.

"போன வருஷம் நான் வீடு வாங்கினப்போ அவன்தான் சர்டிபிகேட் குடுத்தான். அதையே... பேர மட்டும் மாத்தி..."

"உன் வீட்டுல எத்தன நிமிஷம் இருந்தான்?" என்று சாலி கேட்டார்.

கிரான்வில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெட்டியத் திறந்தானா?"

"நான் பாக்கல."

"குளம்? அதுல யாரு குளிக்கிறா?"

"பசங்க" என்றான் கிரான்வில். அவன் குரலில் இருந்து ஆலோசகர் காணாமல் போயிருந்தார். "ரெண்டு பசங்க."

"இதப் பண்ணவனுக்கு அம்மா உண்டா?" என்றாள் லெனோர். சொன்ன பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. "அந்தப் பேப்பர இங்க வெச்சுட்டுப் போங்க கிரான்வில். உங்க ஆளுக்கு லைசென்ஸ் குடுத்த இடத்துக்கு அனுப்பணும்."

அவன் வைத்துவிட்டான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"அங்கிள், நாளைக்கு ஃப்ரீயா இருப்பீங்களா? என் வீட்ட ஒரு பார்வ..."

"வரேன். ஆனா நான் மூடியத் திறப்பேன். உள்ள இருக்கிறத எழுதுவேன். உன் வீடு விக்காமப் போனாலும் போகும். சம்மதமா?"

"சம்மதம் அங்கிள்."

அவன் போய்க் காரில் ஏறினான். கதவில் இருந்த முகம் மட்டும் சிரித்துக்கொண்டே போனது.

சாலி சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். வில்ஃபிரட்டின் கடைசி வரிக்குக் கீழே அன்றைய அளவுகளை எழுதினார். நூல் பிடித்தது போல வரவில்லை, கொஞ்சம் சரிந்தது. அதன் கீழே, 'கசிவு கூரையில். கண்டது மகள். சோதித்தது ரீ.சா.' என்று எழுதினார். 'தவறு' என்ற சொல்லை அடிக்கவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு ஓரத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: 'அந்த விளக்குக்கு எர்த் போட்டாயிற்று, 1998.'

மூடியைத் திருகியதும் லெனோர் அம்மாவின் அலமாரி இழுப்பறையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே காய்ந்து கட்டியாகியிருந்தது. லின்டெல்வா தன் கைப்பையைத் துழாவி ஒரு புட்டியை நீட்டினாள். கத்திரிக்காய் நிறம்.

லெனோர் நான்கு பொட்டு வைத்தாள். சாலி தள்ளி நின்று பார்த்தார்.

"கண்றாவிக் கலர்" என்றார். "அவன் இருந்திருந்தா இதுக்கே ஃபெயில் போட்டிருப்பான்."